கழுத்தில் அறுக்கும் பட்டையும் சாய்த்த இருக்கையும்

முதல் உறுப்பினர்:

காரில் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய இந்த உரையாடலில் கைக்குழந்தைக்கான கார் இருக்கையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டதால், அதிகம் பேசப்படாத ஒரு பருவத்தைப் பற்றி எழுதுகிறேன். சிறு பிள்ளைகளுக்கான இருக்கையில் அடங்காமல் வளர்ந்துவிட்ட, ஆனால் பெரியவர்களுக்கான சீட் பெல்ட் இன்னும் பொருந்தாத, ஏறத்தாழ 8 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள் அவர்கள். தங்கை மகனைக் காரில் அழைத்துச் சென்றபோது, அவன் தோள் பட்டையை அக்குளுக்குக் கீழே நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கண்ணாடியில் கண்டேன். காரணம் கேட்டதற்கு, "கழுத்தில் அறுக்கிறது மாமா" என்றான். அவன் சொன்னது உண்மை என்பதுதான் சிக்கல்.

ஏறத்தாழ 145 செ.மீ. உயரம் வரும்வரை தோள் பட்டை கழுத்தில் உரசும். இடுப்புப் பட்டையோ தொடையின் மேற்பகுதியில் படியாமல் வயிற்றின்மேல் ஏறிவிடும். அந்த நிலையில் வண்டி மோதினால், இடுப்பெலும்பு தாங்க வேண்டிய விசை குடலிலும் முதுகெலும்பின் கீழ்ப்பகுதியிலும் இறங்கும். பிள்ளையைச் சற்று உயர்த்திப் பட்டையை உரிய இடத்தில் படியச் செய்வதே பூஸ்டர் இருக்கையின் வேலை. அது பாப்பாக்களுக்கானது என்று அவன் மறுத்தான். பதினொரு வயதுக்காரனின் மானப் பிரச்சினையை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆகவே சோதனையை அவனிடமே விட்டுவிட்டேன். முதுகு இருக்கையோடு ஒட்டியிருக்க, முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடிகிறதா, இடுப்புப் பட்டை தொடையில் தாழ்வாகக் கிடக்கிறதா, தோள் பட்டை கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவே செல்கிறதா, பயணம் முழுதும் அப்படியே உட்கார முடிகிறதா என்று அவனே பார்த்தான். முழங்கால் மடியவில்லை என்பதை அவனே கண்டதும் வாக்குவாதம் நின்றது. முன்னிருக்கை 13 வயதுக்குப் பிறகுதான் என்பதை மட்டும் இன்னும் பேரம் பேசுகிறான்.

இரண்டாம் உறுப்பினர்:

பட்டை பொருந்தும் உயரம் வந்த பிறகும் கவலை தீர்வதில்லை. பதினாறு வயதான என் மகள் நெடும்பயணங்களில் முன்னிருக்கையைப் படுக்கைபோலச் சாய்த்து, பட்டையும் அணிந்துகொண்டு உறங்குவாள். பட்டை அணிந்திருக்கிறாளே என்று நானும் சும்மா இருக்கலாம். ஆனால் சாய்ந்த நிலையில் தோள் பட்டை மார்பைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது, மோதும்போது உடல் இடுப்புப் பட்டைக்கு அடியில் வழுக்கிச் செல்கிறது. கால்களை டேஷ்போர்டின்மேல் நீட்டுவது அதைவிட மோசம், ஏனெனில் விரியும் ஏர்பேக் முழங்காலை முகத்தை நோக்கித் தள்ளும். வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்தப் பட்டைக்கும் மார்புக்கும் இடையில் என் கையை நுழைத்துக் காட்டினேன். இப்போது உறங்க வேண்டுமென்றால் இருக்கையை நிமிர்த்தி, கழுத்துக்குத் தலையணை வைத்துக்கொள்கிறாள். தோழிகளை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டும் நாள் வரும்போது பேச வேண்டியவை வேறு. இளம் ஓட்டுநருடன் அதே வயதினர் ஏறுவதே ஆபத்தைக் கூட்டுகிறது.

மூன்றாம் உறுப்பினர்:

எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், பேத்தியை மடியில் வைத்து இறுகப் பிடித்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோவைத் தாங்கும் வலிமை வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினோம். முன்னாள் கணித ஆசிரியரான அவர் தாளை வாங்கிச் சரிபார்த்துவிட்டு, பேத்தியின் இருக்கையைப் பின்புறம் பார்த்தபடி பொருத்துவது எப்படி என்று கேட்டார்.