மறு: கார்ப் படங்களும் எச்.டி.ஆரும் – ‘உயர் இயங்கு வீச்சு’ சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘உயர் இயங்கு வீச்சு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே. இன்னொன்று எதற்கு?

எச்.டி.ஆருக்கு (High Dynamic Range: வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களைச் சேர்த்து, வெளிச்சமும் இருட்டும் ஒரே படத்தில் தெரியச் செய்வது) அந்தச் சொல் இருக்கிறதுதான். ஆனால் கார்களைப் படமெடுக்கப் புதிதாக வருகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ‘இயங்கு’ என்றதும் ஓடுகிற காரை எடுப்பது என்று நினைத்துக்கொள்வார். நடப்பதோ நேர்மாறு, எச்.டி.ஆருக்குக் கார் அசையாமல் நிற்க வேண்டும். ‘வீச்சு’ பள்ளிப் பாடத்திலேயே இரண்டு வேலை பார்க்கிறது: இயற்பியலில் அலையின் வீச்சு, புள்ளியியலில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வேறுபாடு. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஆனால் முன்னால் ‘ஒளி’ சேர்த்தால் ‘ஒளிவீச்சு’ ஆகி, முகப்பு விளக்கைப் போட்டது போலாகிவிடுகிறது!

சரி, முதலில் வேலையைப் பார்ப்போம். உச்சி வெயிலில் ஒரு கறுப்புக் கார். கூரையில் வானம் பளபளக்கிறது, குரோம் விளிம்பில் சூரியனே உட்கார்ந்திருக்கிறது. சக்கர வளைவுக்குள்ளே டயர் இருக்கிறதா என்று தேட வேண்டிய இருட்டு. ஒளியின் அளவை ‘ஸ்டாப்’ என்ற படிகளில் எண்ணுவோம்; ஒரு ஸ்டாப் கூடினால் ஒளி இருமடங்கு. 10 ஸ்டாப் என்றால் 1024 மடங்கு. இவ்வளவு தூரம் விலகி நிற்கிற வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே சொடுக்கில் பிடிக்கப் பார்த்தால் ஏதாவது ஒன்று கைநழுவும். அதனால்தான் கேமராவை முக்காலியில் ஏற்றி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, துளை (லென்ஸின் திறப்பு) எஃப்/8 என்று வைத்து, குவியத்தையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டிவிட்டு, ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி மூன்று படம் எடுக்கிறோம்: அளவாக ஒன்று, 2 ஸ்டாப் குறைத்து ஒன்று, 2 ஸ்டாப் கூட்டி ஒன்று. துளையை மாற்றக் கூடாது; புல ஆழம் (தெளிவாகத் தெரியும் தூரத்தின் அளவு) மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். அப்புறம் மூன்றையும் மென்பொருளில் சேர்த்து, திரை காட்டக்கூடிய அளவுக்குள் ஒடுக்குகிறோம்.

இது கணினி வந்த பிறகு பிறந்த யோசனையும் அல்ல. 1850களிலேயே பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து ஒரே படமாக அச்சிட்டார். அன்றும் இன்றும் வேலை ஒளியோடுதான். ஆகவே பெயர் ஒளியை ஒட்டி இருக்கட்டும் என்று ‘அகலொளிப் படம்’ என்கிறேன்.

இப்படி ஒளியைக் கூட்டியும் குறைத்தும் ஒரே காட்சியைப் பல படமாக எடுப்பதுதான் பிராக்கெட்டிங். அதற்கு ஒருவர் சொன்ன ‘அடைப்பிடல்’ அடைப்புக்குறியைத்தான் நினைவூட்டுகிறது. ‘ஏற்றிறக்க எடுப்பு’ போதும், செய்வதும் அதைத்தானே. திரைக்குள் அடங்க ஒடுக்குகிறோமே, அந்த டோன் மேப்பிங், ‘ஒளியொடுக்கம்’. இதை அளவுக்கு மீறிச் செய்தால் வெள்ளைக் கார் அழுக்குச் சாம்பலாகிவிடும், கறுப்புக் காரைச் சுற்றி வெளிறிய விளிம்பு ஒன்று படரும். என் முதல் பத்துப் படங்களும் அப்படித்தான் இருந்தன. அந்த விளிம்புக்கு ‘ஒளிவட்டம்’ வேண்டாம், சாமி படம் மாதிரி இருக்கிறது. நிலா ‘கோட்டை கட்டியிருக்கிறது’ என்போமே, அந்தக் ‘கோட்டை’யே இருக்கட்டும். “படத்தில் கோட்டை விழுந்திருக்கிறது” என்றால் யாருக்கும் புரியும்.

---

> ஐயா, ‘அகலொளி’ என்றால் அகல் விளக்கின் ஒளி என்றுதானே படிப்பார்கள்? ‘விரியொளி’ என்று வைத்தால் என்ன? ‘கோட்டை’க்கு என் ஓட்டு உண்டு.

வினைத்தொகையாகப் படித்தால் ‘அகல் ஒளி’ அகன்ற ஒளிதான் என்று வாதாடலாம் என்றிருந்தேன். ஆனால் படிக்கிறவருக்கு விளக்குதான் முதலில் தோன்றும் என்றால் நான் இலக்கணம் பேசி என்ன பயன்? ‘விரியொளி’யும் வினைத்தொகைதான், கூடவே ‘ஒளியொடுக்க’த்துக்கு நல்ல ஜோடி. விரித்து எடுக்கிறோம், ஒடுக்கிக் காட்டுகிறோம். என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி. கண்ணாடியிலும் வண்ணப்பூச்சிலும் விழும் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் வடிப்பான். (பூச்சில்லாத உலோகத்தில், குரோமில், அதன் ஜம்பம் பலிக்காது. மூன்று படத்துக்கும் அதைத் திருப்பாமல் வைத்திருக்க வேண்டும் என்பது வேறு.) பாடநூலை ஒட்டி ‘தளவிளைவு வடிப்பான்’ எனலாம், ஆனால் கையில் வைத்துத் திருகுகிற பொருளுக்கு இது கொஞ்சம் கனமாக இருக்கிறது. ‘மினுக்கடக்கி’ என்றால் ரொம்ப விளையாட்டாகிவிடுமா?