சின்ன அறையில் கேட்ட பாட்டு: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

மைதானக் கச்சேரிகளுக்கும் போயிருக்கிறேன். அங்கே பாடகரை நான் பார்ப்பது பெரும்பாலும் பெரிய திரையில்தான். எனக்குப் பித்துப் பிடித்திருப்பது வேறு வகைக் கச்சேரியில். முப்பது நாற்பது பேர் ஜமக்காளத்தில் நெருக்கி உட்கார்ந்திருக்க, சினிமாவுக்காக எழுதாத தன் சொந்தப் பாட்டை ஒருவர் கை எட்டும் தூரத்தில் பாடுவார். சென்னையில் இது மொட்டை மாடியில் நடக்கும், நடனப் பள்ளியில் நடக்கும், கடைக்கு மேலே இருக்கும் காபிக் கடையில் நடக்கும், யாரோ ஒருவருடைய வீட்டுக் கூடத்திலும் நடக்கும். இப்படிக் கேட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

சித்திரை மாத மாலை, பெசன்ட் நகர்ப் பக்கம் ஒரு வீடு. ஒலிப்பதிவும் நடந்ததால் மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். விசிறிச் சத்தம் மைக்கில் விழும். ஜன்னல்களும் சாத்தியாயிற்று. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. பாடிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். முக்காலியில் உட்கார்ந்து கிட்டார் வாசித்தார். சூட்டில் எஃகுத் தந்தி தளர்ந்து சுருதி இறங்கும். அதனால் ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் முறுக்காணியைத் திருகிக்கொண்டே, அடுத்த பாட்டு எந்த ஊரில், யாரை நினைத்து எழுதியது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டின் நடுவில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. சரணம் எடுப்பதற்கு முந்தைய இடைவெளியில் சரியாக விழுந்தது. அவர் உள்ளங்கையைத் தந்திகளின் மேல் வைத்து ஒலியை அடக்கினார். விசில் ஓயும்வரை காத்திருந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து, அதே சுருதியில், அதே காலப்பிரமாணத்தில் எடுத்தார் பாருங்கள்! இப்போது எழுதும்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

அன்று அவர் கடைசியாகப் பாடிய பாட்டுக்கு மூன்றாவது சரணம் எழுதி முடிந்திருக்கவில்லை. அதை முன்பே சொல்லிவிட்டு, அந்த இடம் வந்ததும் சொல் இல்லாமல் முனகலாகவே பாடினார். சில மாதங்கள் கழித்து அந்தப் பாட்டு வெளிவந்தபோது அங்கே நல்ல வரிகள் இருந்தன. ஆனாலும் எனக்கு அந்த முனகல்தான் பாட்டு. அதைக் கேட்டவர்கள் அந்தக் கூடத்தில் இருந்த நாங்கள் மட்டும்.

சின்ன அறையில் காதுக்குக் கிடைப்பவற்றைச் சொல்லி மாளாது. சுருள் தந்தியில் விரல் வழுக்கும் கீச்சொலி, வரி தொடங்குமுன் இழுக்கும் மூச்சு எல்லாம் கேட்கும். கஹோன் என்ற மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து அதையே தாளவாத்தியமாக வாசிப்பார்கள். தரையில் இருப்பவர்களுக்கு அந்த அடி தொடையிலும் கேட்கும். சொல்லும் முழுசாக வந்து சேரும். எனக்கு அதுதான் முக்கியம். சினிமாவில் பெரும்பாலும் மெட்டு முதலில், சொல் பிறகு, அதுவும் கதைச் சூழலுக்கு. இங்கே ஒருவர் வீட்டு வாடகையைப் பற்றிப் பாடலாம், அப்பாவோடு பேசாத வருடங்களைப் பற்றிப் பாடலாம். கபேர் வாசுகியும் தென்மாவும் சேர்ந்து நடத்திய குரங்கன் என்ற சென்னை இசைக்குழுவைக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்: நாம் வீட்டில் பேசும் தமிழிலேயே பாட்டு அமையும்.

இந்த வகைக் கச்சேரிக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்த இரண்டு முயற்சிகளுமே ஒரே எரிச்சலில் பிறந்தவை. 2008இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் லாரா கிப்சன் என்ற பாடகி பாடியபோது, மதுக்கூட இரைச்சலில் அவர் குரல் எடுபடவில்லை. கேட்கப் போன என்.பி.ஆர். வானொலிக்காரர்கள் பாப் பாய்லனும் ஸ்டீபன் தாம்ப்சனும் அவரை வாஷிங்டனுக்கு அழைத்து, பாய்லனின் அலுவலக மேசைக்குப் பின்னாலேயே பாட வைத்தார்கள். 'டைனி டெஸ்க்' என்ற இணையக் காணொளிக் கச்சேரி வரிசை அப்படித்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டே லண்டனில், பாட்டு நடக்கும்போது பேச்சும் கைபேசியுமாக இருந்த கூட்டத்தைப் பார்த்து மனம் நொந்த ரேஃப் ஆஃபரும் நண்பர்களும் ஒரு வீட்டு அறையில் 'சோஃபார்' நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். யார் பாடப்போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். இடத்தையும் கடைசி நேரத்தில்தான் சொல்வார்கள். சென்னை, பெங்களூரு, மும்பைக்கெல்லாம் அது வந்தது. பெயர் தெரியாத ஒருவருக்காக அத்தனை பேர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை முதல்முறை பார்த்தபோது எனக்கு நம்ப முடியவில்லை.

இனி நீங்கள் சொல்லுங்கள்.

*

அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலிருந்து எழுதுகிறேன். பல வருடங்களாக இங்கே வேலை. இந்த ஊரில் புளூபேர்ட் கஃபே என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கடை வரிசையில் ஒரு சிறிய கடை. தெரியாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். 1982இல் ஏமி கர்லண்ட் என்ற பெண்மணி உணவகமாகத் தொடங்கியது. சுமார் தொண்ணூறு இருக்கைகள்தான். 2008இல் அதைப் பாடலாசிரியர்களின் சங்கத்திடமே ஒப்படைத்துவிட்டார். டெய்லர் ஸ்விஃப்ட் சிறுமியாக இருந்தபோது, 2004இல், இசை நிறுவனம் தொடங்கவிருந்த ஒருவர் கண்ணில் பட்டதும் இங்கேதான்.

இந்த இடத்தின் விசேஷம், 1985இல் தொடங்கிய ஒரு வழக்கம். மேடையை விட்டுவிட்டு அறையின் நடுவில் நான்கு பாடலாசிரியர்கள் வட்டமாக ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்காருவார்கள். முறை வைத்துப் பாடுவார்கள். சுற்றிலும் மேசைகள். யாராவது பேசினால் 'உஷ்' என்று அடக்கிவிடுவார்கள். அது இங்கே எழுதப்பட்ட விதி போல.

அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது அழைத்துப் போனேன். ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. உட்கார்ந்த சிறிது நேரத்தில் என் காதருகே, "இதில் பக்கவாத்தியம் யார்?" என்று கேட்டார். ஒருவர் பாடும்போது மற்ற மூவரும் பக்கவாத்தியம் என்றேன். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், வேறொரு பெரிய பாடகர் பாடிப் பிரபலமாக்கிய தன் பாட்டைத் தானே பாடினார். வானொலியில் கேட்டதைவிட மெதுவாக, தாழ்ந்த சுருதியில், அங்கங்கே குரல் கம்ம. அறையில் எல்லோருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம், ஆனால் கூடப் பாடியவர் ஒருவரும் இல்லை. அம்மா மடியில் கைவைத்துத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். சத்தமே வராத தாளம்தான். எங்களுக்கு எதிரே இருந்த கிட்டார்க்காரர் அதைப் பார்த்துவிட்டு அம்மாவின் கையையே பார்த்து ஓரிரு அடிகள் வாசித்தார். முடிந்ததும் எழுந்து வந்து அம்மாவுக்குக் கை கொடுத்தார். பெரிய அரங்கில் இது நடக்க வழியே இல்லை.

*

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் படிக்கிறேன். கிங் டட்ஸ் என்ற இசைக்கூடத்துக்கு அடிக்கடி போவேன். 1990இல் திறந்தது, முன்னூறு பேர் கொள்ளும். படிக்கட்டில் ஒவ்வொரு படியாக ஆண்டு போட்டு, அந்த ஆண்டு வாசித்த குழுக்களின் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். 1993 மே மாதம் ஒயாசிஸ் என்ற ராக் குழுவை, இசைத்தட்டு நிறுவனம் நடத்திய ஆலன் மெக்கீ கண்டெடுத்தது இங்கேதான் என்பதை ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

எனக்குப் பிடித்தது முதலில் வாசிக்கும் அறிமுகக் குழுக்கள். அப்போது கூட்டம் இருக்காது. ஒரு குளிர்கால இரவு, இருபது பேருக்கு முன்னால் ஒரு பெண் நிறைந்த அரங்கில் பாடுவது போலவே உயிரைக் கொடுத்துப் பாடினார். முடித்துவிட்டு அவரே பின்னால் வந்து மேசை போட்டுச் சட்டைகளும் இசைத்தட்டும் விற்றார். வேனுக்கு டீசல் போட்டு இரவோடு இரவாக நியூகாசிலுக்குத் திரும்ப வேண்டும் என்றார். நான் ஒரு இசைத்தட்டு வாங்கினேன். இரண்டாவது பாட்டில் ஓரிடத்தில் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அதை யாராவது கவனிப்பார்களா என்று பார்க்கத்தான் என்றார். பத்து நிமிடம் அந்த ஓர் இடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

*

நான் வாசிக்கிறவன். கோவையில் கிட்டார். கேட்பவர்கள் எழுதியதைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

பெரிய மேடையில் விளக்கு கண்ணில் அடிக்கும், எதிரே இருட்டுதான். வீட்டுக் கூடத்தில் ஒவ்வொரு முகமும் தெரியும். யார் கொட்டாவி விடுகிறார், யார் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார், எல்லாம் தெரியும். அந்தப் பயம் வேறு. அந்தச் சுகமும் வேறு. ஒரு வரியை எழுதும்போது நன்றாக இருப்பதாக நினைத்திருப்பேன். முப்பது பேர் முன்னால் பாடும்போதே அது பொய் என்று தெரிந்துவிடும், அன்றிரவே மாற்றிவிடுவேன். என் பாட்டுகளில் பாதி இப்படித் திருத்தப்பட்டவை.

ஆனால் பணம்? ஒரு காபிக் கடையில் மூன்று மணி நேரம் வாசித்தேன். முடிந்ததும், "உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைத்ததே" என்றார் முதலாளி. ஸ்பீக்கரை ஏற்றி இறக்கிய ஆட்டோ வாடகை என் கையிலிருந்து போனது. இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் இல்லை. மேலே குறிப்பிட்ட அந்தச் சோஃபார் நிறுவனமே, சம்பளமில்லாமல் நிகழ்ச்சிகளை நடத்திக் கொடுத்த தன்னார்வலர்கள் விஷயத்தில் நியூயார்க் மாநிலத் தொழிலாளர் துறையோடு உடன்பாட்டுக்கு வந்து, 2020இல் 4,60,000 டாலர் அளவுக்குக் கொடுக்க வேண்டிவந்தது. இணையத்தில் பாட்டைப் போட்டால் போதாதா என்பார்கள். ஸ்பாட்டிஃபையில் ஓராண்டில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் ஒரு பைசாவும் கிடையாது. கலைஞர்களே பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் நேரடியாக வாங்கினால் நிறுவனம் 15 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும், பணம் செலுத்தும் கட்டணம் போக மிச்சம் எங்களுக்கு. பிடித்த பாட்டை அங்கே வாங்குங்கள். இதைக் கேட்க எனக்குக் கூச்சம் இல்லை.

*

மதுரையில் எங்கள் வீட்டுக் கூடம் பெரியது. தாத்தா காலத்து வீடு. அங்கே இப்படி ஒன்று நடத்த ஆசை. எப்படித் தொடங்குவது, அண்ணா?

*

தாராளமாக நடத்துங்கள் தம்பி. கோவை நண்பர் சொன்னதை முதலில் மனதில் வையுங்கள்: வருகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குங்கள், அது முழுவதும் வாசிப்பவருக்குப் போகட்டும். எவ்வளவு என்று முன்பே பேசி, தொகை குறைந்தால் மிச்சத்தை நீங்கள் போடுவதாக ஒப்புக்கொண்டு தேதி குறியுங்கள். உண்டியல் வைத்து, இஷ்டப்பட்டதைப் போடுங்கள் என்று விடுவது எனக்குப் பிடிக்காது. கூச்ச சுபாவமுள்ள கலைஞருக்கு அது தலைக்குனிவு.

பழைய வீட்டுக் கூடம் என்றால் கல் தளமாக இருக்கும், உயரமான கூரையும் இருக்கும். காலியாக இருக்கும்போது கை தட்டிப் பாருங்கள். எதிரொலித்தால் ஜமக்காளம் விரியுங்கள், சுவரில் கனத்த திரையோ போர்வையோ தொங்கவிடுங்கள். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் பாதி எதிரொலி தானாக அடங்கிவிடும். முப்பது பேருக்கு ஒரு குரலும் கிட்டாரும் மைக் இல்லாமலே போதும். கஹோனோ தவிலோ சேர்ந்தால் மட்டும் குரலுக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வையுங்கள். அண்டை வீடுகளில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களையும் அழைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஒலிபெருக்கி வைப்பதானால் இரவு பத்து மணிக்குமேல் சட்டப்படி கூடாது. ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடித்து, எல்லோருக்கும் ஒரு சுக்குக் காபி கொடுத்தால் பாடியவரும் கேட்டவர்களும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பேச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள். கிளாஸ்கோ தங்கைக்குக் கிடைத்தது அதில்தான் கிடைக்கும்.

குழந்தைகளை வெளியே நிறுத்தாதீர்கள். சத்தம் போடும் என்று பயப்படுகிறோம்; நான் பார்த்தவரை முன் வரிசையில் உட்கார வைத்தால் பெரியவர்களைவிட அவர்களே அசையாமல் கேட்கிறார்கள். கைபேசியை மட்டும் வாசலில் ஒரு தாம்பாளத்தில் வாங்கி வைத்துவிடுங்கள். கோபித்துக்கொள்பவர்கள் ஒரு பாட்டு முடிந்ததும் மறந்துவிடுவார்கள்.

யாரை அழைப்பது என்று தெரியவில்லை என்றால், இங்கே எழுதியிருக்கும் கோவை நண்பரையே கேளுங்கள். அவர் சம்மதித்தால் தேதியை இங்கே போடுங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.