புதுப்பிப்பு: குருவின் குழல் இப்போது என்னிடம்

என் ஷாக்குஹாச்சி (ஜப்பானிய மூங்கில் குழல்) குரு கியோட்டோவில் காலமானதையும், அதன்பின் குழலைத் தொடவே மனம் வராததையும் முன்பு எழுதியிருந்தேன். விசாரித்தவர்களுக்காக இது.

49-ஆம் நாள் சடங்கு முடிந்ததும் அவர் மனைவி அவருடைய குழலை என் கையில் வைத்தார். நீளம் ஜப்பானிய அளவில் 1.8 ஷாக்கு, கிட்டத்தட்ட 54.5 செ.மீ. ஐந்தே துளைகள், அடியில் மூங்கிலின் வேர்க்கட்டை. கட்டைவிரல் துளையின் ஓரம் அவர் விரல் பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கிறது. அன்று ஊத முடியவில்லை, அழுதுவிட்டேன்.

இப்போது அவருடைய மாணவர்கள் இருவர் என்னிடம் வருகிறார்கள். முதல் பத்து நிமிடம், எல்லாத் துளைகளையும் மூடி ஊதும் ‘ரோ’ என்ற அடிச்சுரம் மட்டும். தலையைத் தாழ்த்திச் சுருதியை இறக்கும் ‘மெரி’யைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, அவரைப்போலவே எதிரில் உட்கார்ந்து சேர்ந்தே ஊதுகிறேன். போன வாரம் இளையவருக்கு ‘ரோ’ முதன்முதலாக உடையாமல் நின்றது.