‘அரிப்பு நொதி’ வேண்டாம்: மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேசுக்குத் தமிழ்ச் சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

செல்லுக்கு வெளியே திசுவைத் தாங்கும் புரத வலையை (மேட்ரிக்ஸ்) வெட்டும் நொதிகளே மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ்கள். அவற்றுக்கு முன்மொழியப்பட்ட ‘திசு அரிப்பு நொதி’ எனக்கு ஒப்பவில்லை. மதுரையில் எந்தத் தோல் மருத்துவரிடம் ‘அரிப்பு’ என்றாலும் சொறியத் தூண்டும் அரிப்பைத்தான் எழுதிக்கொள்வார். புற்றுநோய்க் கையேட்டில் இச்சொல் வந்தால், அரிக்காத மச்சத்தால் ஆபத்தில்லை என்றே வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். உள்ளங்காலில் வரும் மெலனோமா (நிறமிச் செல்களில் எழும் தோல் புற்றுநோய்) தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. கால் ஆணி என்று விட்டுவிடுகிறார்கள்.

‘உலோகப் புரதச்சிதைப்பி’ என்ற சொல்லும் போதாது, இவற்றைப் போலத் துத்தநாகம் என்ற உலோகத்தால் இயங்கும் புரத நொதிகள் வேறு குடும்பங்களிலும் உண்டு. நாம் பெயர் தேடுவது மனிதரில் 23 நொதிகள் கொண்ட ஒரு குடும்பத்துக்கு. மேல்தோலுக்கு அடியிலுள்ள அடித்தளச் சவ்வின் 4ஆம் வகைக் கொலாஜன் என்ற தாங்குபுரதத்தை இக்குடும்பத்தின் 2, 9ஆம் நொதிகள் வெட்டி வழிவிடும்போது, பக்கவாட்டில் படர்ந்த மெலனோமா கீழே இறங்குகிறது. ‘இடைவலை வெட்டு நொதி’ என்கிறேன்.

—

ஐயா, ‘வெட்டு’ மிகப் பொருத்தம். ‘இடை’தான் இடிக்கிறது. 1ஆம் நொதிக்கு ‘இடைத்திசுக் கொலாஜனேஸ்’ என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது, மாணவர் குழம்புவர். வலை இருப்பது செல்லுக்குப் புறத்தே, ஆகவே ‘புறவலை வெட்டு நொதி’. இந்நொதிகளை உடலிலேயே அடக்கும் இயற்கைத் தடுப்புப் புரதங்கள் நான்கும் ‘புறவலை வெட்டுத் தடுப்பான்’ ஆகலாம்.

செயல்படாத முன்வடிவத்துக்கும் இப்போதே ஒரு சொல் வேண்டும். ஆய்வகத்தில் தவறு நேர்வது அங்கேதான். இந்நொதிகளைக் கண்டறிய, ஜெலட்டினும் எஸ்டிஎஸ் என்ற சலவைப் பொருளும் கலந்த ஜெல்லில் மாதிரியைக் கொதிக்க வைக்காமல், புரதப் பிணைப்புகளை உடைக்கும் மெர்காப்டோஎத்தனால் சேர்க்காமல் ஏற்றி மின்சாரத்தில் ஓடவிடுகிறோம். ஓடி முடிந்ததும் 2.5% ட்ரைட்டனில் (மென்மையான சலவைப் பொருள்) அலசி எஸ்டிஎஸ்ஸை நீக்கி, கால்சியம் கலந்த கரைசலில் 37 டிகிரியில் 16–18 மணி நேரம் வைத்துச் சாயமேற்றினால், நொதி ஜெலட்டினை வெட்டிய இடங்கள் நீலத்தில் வெளிறிய பட்டைகளாகத் தெரியும். 92, 72 கிலோடால்டன் (மூலக்கூறு எடை அலகு) அளவில் தெரிபவை முறையே 9, 2ஆம் நொதிகளின் முன்வடிவங்கள். துத்தநாகத்தை அடைத்திருக்கும் சிஸ்டீன் (ஓர் அமினோ அமிலம்) பூட்டை எஸ்டிஎஸ்ஸே திறந்துவிடுவதால் அவையும் ஜெலட்டினை வெட்டுகின்றன. பட்டை கண்டதும் ‘கட்டியில் நொதி செயல்பட்டது’ என்று எழுதுவது பிழை. ‘பூட்டிய நொதி’ என்றால் காரணமும் பெயரிலேயே விளங்கும்.

இந்நொதியை அளவிடச் சீரம் (உறைந்த இரத்தத்தின் தெளிநீர்) எடுப்பவர்கள் கவனிக்க: இரத்தம் உறையும்போது வெள்ளணுக்களிலிருந்து 9ஆம் நொதி வெளிவந்து அளவைக் கூட்டிக் காட்டும். உறையவிடாமல் எடுக்கும் சிட்ரேட் பிளாஸ்மா நல்லது.

—

‘புறவலை’, ‘பூட்டிய நொதி’ இரண்டும் ஏற்பு. ‘பரவல் நொதி’ என்ற மாற்றை மட்டும் பட்டியலில் சேர்க்க வேண்டாம். 8ஆம் நொதி இல்லாத ஆண் எலிகளில் தோல் கட்டிகள் கூடின. எல்லாமே புற்றுக்குத் துணைபோவதில்லை.