ஜெரோனிமோவின் மருமகன்

அக்கா (லாஸ் குரூசஸ்): அங்கே விடிந்திருக்கும். நேற்று இங்கே நியூ மெக்சிகோவிலேயே ருய்டோசோ என்ற ஊர் வரை காரில் போய் வந்தோம். 70-ஆம் எண் நெடுஞ்சாலை துலரோசாவைத் தாண்டியதும் மலையேற ஆரம்பிக்கிறது, கொஞ்ச நேரத்தில் முள்செடியெல்லாம் போய் பைன் மரக்காடு வந்துவிடுகிறது. அந்த மலைதான் மெஸ்கலேரோ அப்பாச்சிகள் என்ற அமெரிக்கப் பழங்குடிகளுடைய ரிசர்வேஷன், அவர்களுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய இடம். வழியில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது, பெரியம்மாவுக்காக ஒரு படம் எடுத்தேன்.

அக்கா (லாஸ் குரூசஸ்): (படம்)

பெரியம்மா: நல்ல வாட்டமான மாடு. மடி மட்டும் வற்றிக் கிடக்கிறதே, எத்தனை லிட்டர் கறக்கும்?

அக்கா (லாஸ் குரூசஸ்): கறக்கவே மாட்டார்கள் பெரியம்மா. கறிக்கு வளர்க்கிற மாடு. பால் கன்றுக்கு மட்டும்.

பெரியம்மா: கன்று கொடுத்து வைத்தது.

அண்ணன்: அப்பாச்சி என்றால் குதிரை, துப்பாக்கி, ஜெரோனிமோ. இதில் மாடு எங்கிருந்து வந்தது?

அக்கா (லாஸ் குரூசஸ்): அதைச் சொல்லத்தான் வந்தேன். அமெரிக்க ராணுவத்தோடு சண்டை போட்ட அந்த ஜெரோனிமோவுக்கு மருமகன் ஒருவர் இருந்தார், ஏசா டக்லூகி. இந்த மலையில் மாடு வளர்த்து, தன் சனங்களுக்குத் தலைவராக இருந்து, 1955-இல் இறந்தவர்.

சித்தப்பா: ஜெரோனிமோ பெண்ணைக் கட்டியவரா?

அக்கா (லாஸ் குரூசஸ்): இல்லை சித்தப்பா, நம் வழக்கில் சொன்னேன். அக்கா தங்கை முறையில் உள்ளவருடைய மகன். கூடப் பிறந்தவளா, சித்தப்பா பெரியப்பா மகளா என்று இங்கே எழுதுகிறவர்களுக்கு ஒரு குழப்பம், ஏனென்றால் அப்பாச்சி பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

பெரியம்மா: இதில் என்ன குழப்பம்? எப்படிப் பார்த்தாலும் தாய்மாமன்தான்.

அக்கா (லாஸ் குரூசஸ்): அதேதான் பெரியம்மா. இவருடைய அப்பா ஹூ என்ற தலைவர், 1883-இல் மெக்சிகோவில் காசாஸ் கிராண்டஸ் பக்கம் குதிரையோடு ஆற்றில் விழுந்து இறந்தார், பையன் அப்போது பக்கத்தில்தான் இருந்தான். மூன்று வருஷத்தில், 1886-இல், ஜெரோனிமோ சரணடைந்தார். உடனே அவருடைய பிரிவான சிரிகாவா அப்பாச்சிகள் மொத்தப் பேரையும், ராணுவத்துக்கே துப்புக் காட்டி வேலை பார்த்தவர்களையும் சேர்த்து, ரயிலில் ஏற்றி ஃப்ளோரிடாவுக்குக் கைதிகளாக அனுப்பிவிட்டார்கள். இவனை அங்கிருந்து பென்சில்வேனியாவில் இருக்கும் கார்லைல் உறைவிடப் பள்ளிக்குக் கொண்டுபோனார்கள். பையன்களைச் சுவரோரம் வரிசையாக நிற்கவைத்து ஏ, பி, சி கணக்கில் பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் நின்றவன் இவன், அதனால் ஏசா. அடுத்தவன் பெஞ்சமின், அப்புறம் சார்லஸ், டேனியல்.

நான்: ரேஷன் கடை டோக்கன் மாதிரி.

அக்கா (லாஸ் குரூசஸ்): முடியையும் வெட்டிவிட்டார்கள். அவர்கள் வழக்கத்தில் சாவுக்குத்தான் முடியை வெட்டுவது.

அண்ணன்: சரி, ஆனால் மாடு வளர்ப்பைப் படித்தது அந்தப் பள்ளியில்தானே? பின்னால் அதுதானே சோறு போட்டது?

அக்கா (லாஸ் குரூசஸ்): படித்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூட வந்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் காசநோயில் அங்கேயே போய்விட்டார்கள், பள்ளிக்கென்றே ஒரு இடுகாடு இருந்தது. பிழைத்துக் கிடந்தவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அதைப் பள்ளியின் கணக்கில் வரவு வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அண்ணன்: வரவு வைக்கச் சொல்லவில்லை. கேட்டேன்.

சித்தி: (குரல் பதிவு 0:47)

நான்: சித்தி, பஸ்ஸில் இருக்கிறேன், ஒன்றும் கேட்காது. தட்டச்சு செய்யுங்கள்.

சித்தி: கல்யாணம் ஆனதா என்று கேட்டேன்.

நான்: இதற்கா 47 விநாடி?

அக்கா (லாஸ் குரூசஸ்): ஆனது சித்தி. ரமோனா, சிவாவா என்ற இன்னொரு தலைவருடைய மகள், அவளும் கார்லைலில் படித்தவள். படிப்பு முடிந்து இவர் ஓக்லஹோமாவில் ஃபோர்ட் சில் முகாமுக்கு வந்து சேர்ந்தார், அவருடைய ஆட்களை 1894-லேயே அங்கே கொண்டுவந்திருந்தார்கள். அப்போதும் கைதிகள்தான், அங்கே பிறந்த குழந்தையும் பிறக்கும்போதே போர்க்கைதி. ஆனால் மாடு கொடுத்திருந்தார்கள். வேலி போட்டு, புல் அறுத்துக் கட்டு கட்டி, மந்தையை ஆயிரக்கணக்கில் பெருக்கிவிட்டார்கள். அந்த மந்தையைப் பார்த்துக்கொண்டவர்களில் இவர் முக்கியமானவர். ஒரு வகைச் சோளமும் பயிர் செய்தார்கள் பெரியம்மா.

பெரியம்மா: சோளத்தட்டை இருந்தால் மாடு ஏன் பெருகாது.

சித்தப்பா: ஜெரோனிமோ தன் வாழ்க்கையைச் சொல்லி 1906-இல் ஒரு புத்தகம் வந்ததே, அதில் இவர் பெயர் வருமா?

அக்கா (லாஸ் குரூசஸ்): வரும் சித்தப்பா, மொழிபெயர்த்ததே இவர்தான். கிழவர் அப்பாச்சி மொழியில் சொல்ல, இவர் ஆங்கிலத்தில் சொல்ல, பாரெட் என்பவர் எழுதினார். இவரை ஏதோ துபாஷி மாதிரி ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை. 1909 பிப்ரவரியில் ஜெரோனிமோ குதிரையிலிருந்து விழுந்து இரவு முழுக்கக் குளிரில் கிடந்து, நிமோனியா வந்து படுத்துவிட்டார். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவர்களில் இவர் ஒருவர். தன் மகள் ஈவாவை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் ஒப்படைத்தது இவரிடம்தான். அந்தப் பெண் இரண்டே வருஷத்தில், 1911-இல், போய்விட்டாள்.

சித்தி: பாவம்.

நான்: எப்போதுதான் விட்டார்கள்?

அக்கா (லாஸ் குரூசஸ்): 1913. 27 வருஷம். ஓக்லஹோமாவிலேயே நிலம் வாங்கிக்கொண்டு இருக்கிறீர்களா, மெஸ்கலேரோவுக்குப் போகிறீர்களா என்று கேட்டார்கள். ஏறக்குறைய 80 பேர் அங்கேயே தங்கினார்கள், 180 பேருக்கு மேல் மெஸ்கலேரோ போகலாம் என்றார்கள், அதற்கு முன்னால் நின்றவர்களில் டக்லூகி ஒருவர். எனக்கு இதுதான் பெரிய விஷயம். பழகின இடம், கைக்கு வந்த மந்தை, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். மாடுகளை விற்றுவிட்டார்கள். அவ்வளவு வருஷம் பெருக்கினது!

பெரியம்மா: விற்றுவிட்டு எப்படித் தூங்கினார்களோ.

அண்ணன்: சொந்த ஊருக்கா போனார்கள்?

அக்கா (லாஸ் குரூசஸ்): இல்லை, அதையும் யோசி. அவர்கள் ஊர் இன்னும் மேற்கே, அரிசோனா, மெக்சிகோ எல்லைப் பக்கம், அங்கே விடவே இல்லை. இங்கே ஏற்கெனவே மெஸ்கலேரோ அப்பாச்சிகள் இருந்தார்கள், லிபான் அப்பாச்சிகளும் இருந்தார்கள், மூன்றாவதாக இவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஏப்ரல் மாதம் ரயிலில் துலரோசா வந்து இறங்கி, அங்கிருந்து வண்டியில் மலைக்கு. ஒயிட்டெயில் என்ற இடத்தில் குடியேறினார்கள், கடுங்குளிர். வீடு கட்டி முடிகிறவரை கூடாரம்தான். திரும்பவும் முதலிலிருந்து மாடு.

பெரியம்மா: பனியில் மாடு எதை மேயும்?

அக்கா (லாஸ் குரூசஸ்): உலர்ந்த புல் கட்டுதான், அதோடு குளிர்காலத்தில் கொஞ்சம் கீழே இறக்கி மேய்ப்பார்கள். அடையாளத்துக்குத் தொடையில் சூட்டுக்கோல்.

பெரியம்மா: இங்கே காதில் கம்மல் போட்டு நம்பர் எழுதிவிட்டுப் போகிறார்கள். கழற்றினால் கடன் கிடையாது, இன்சூரன்சும் கிடையாது.

சித்தப்பா: ஓட்டுரிமை எப்போது கிடைத்தது?

அக்கா (லாஸ் குரூசஸ்): 1924-இல் குடியுரிமை வந்துவிட்டது, ஆனால் நியூ மெக்சிகோவில் ரிசர்வேஷன்காரர்கள் ஓட்டுப் போட 1948 ஆனது, அதுவும் கோர்ட்டுக்குப் போய். டக்லூகிக்கு அப்போது எழுபத்தைந்து வயதுக்கு மேல். இத்தனை கதையையும் நெடுநாள் சொல்லவே மறுத்தாராம், ருய்டோசோவில் இருந்த ஈவ் பால் என்ற அம்மா பொறுமையாகக் காத்திருந்து கேட்டு எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது.

நான்: இன்னும் மாடுதானா தொழில்?

அக்கா (லாஸ் குரூசஸ்): மாடும் இருக்கிறது. அப்புறம் வெண்டல் சீனோ என்ற தலைவர் வந்து பனிச்சறுக்கு மைதானம், பெரிய ஹோட்டல் என்று வளர்த்துவிட்டார், அது தனிக் கதை. ஜூலை 4 ஒட்டி நான்கு நாள் பெண் பிள்ளைகளுக்குச் சடங்கு நடக்கும். அரசாங்கம் அவர்களைக் கூட்டம் கூடவே விடாத காலத்தில் ஜூலை 4 என்றால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று அந்தத் தேதியில் வைத்துக்கொண்டார்களாம்.

பெரியம்மா: சடங்கு என்றால், வயசுக்கு வந்ததற்கா?

அக்கா (லாஸ் குரூசஸ்): ஆமாம். கோரைப் பூவின் தூளை முகத்தில் பூசுவார்கள். மஞ்சள் நிறம்.

பெரியம்மா: மஞ்சளா! சரி, நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்லு. எனக்கு சொசைட்டிக்குப் பால் ஊற்ற நேரமாகிவிட்டது.