பாதுகாப்புக் குறிப்புக்கு ஒரு சொல்: டீசீரியலைசேஷன்

சுங்கை சிப்புட் வகுப்பு ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். தோட்டப் பிள்ளைகளுக்காக இங்கே நடத்தும் வார இறுதி நிரலாக்க வகுப்பின் குறிப்புகள் வியாழக்கிழமை அச்சுக்குப் போகின்றன. 'டீசீரியலைசேஷன்' என்பதற்கு மட்டும் இன்னும் தமிழ்ச்சொல் அமையவில்லை. நினைவகத்தில் பல உறுப்புகளாகக் கிடக்கும் 'ஆப்ஜெக்ட்' எனும் ஒரு பொருளைச் சேமிப்பதற்கோ அனுப்புவதற்கோ பைட்டுகளின் ஒற்றைத் தொடராக மாற்றுவது சீரியலைசேஷன். அத்தொடரிலிருந்து பொருளை மறுபடி உருவாக்குவது டீசீரியலைசேஷன். வெளியாள் அனுப்பிய தொடரை நம்பி இதைச் செய்தால், எவ்வகைப் பொருள் உருவாக வேண்டும் என்பதை அவரே தீர்மானித்து, உருவாகும்போது தானாக இயங்கும் செயற்கூறுகளின் வழியே தம் கட்டளையை நம் வழங்கியில் (சர்வரில்) நிறைவேற்றிக்கொள்ள முடியும். நிரல்மொழிகளில் ஜாவாவின் ரீட்ஆப்ஜெக்ட், பிஎச்பியின் அன்சீரியலைஸ், பைத்தானின் பிக்கிள் ஆகிய மூன்றிலும் இந்த ஆபத்து உண்டு. சீரியலைசேஷனை 'வரிசையாக்கம்' என்றால் மாணவர்கள் எண்களை ஏறுமுகமாக அடுக்குவதையே நினைக்கிறார்கள். ஆகவே 'வரிசைநீக்கம்' உதவவில்லை.

தெலுக் இந்தான், பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர்:

அம்மா, இதற்கான இணைச்சொற்கள் நம் இலக்கணத்திலேயே உள்ளன. உருபும் பயனும் மறைந்து நிற்பது தொகை. மறைந்தவற்றை வெளிக்கொணர்வது விரி. 'பாற்குடம்' என்று சுருங்கி வந்ததைப் 'பாலை உடைய குடம்' என்று விரிப்பவர், எழுதப்படாத ஐயுருபையும் 'உடைய' என்பதையும் தம் அறிவிலிருந்தே தருகிறார். உங்கள் கணினியும் தன்னிடமுள்ள 'கிளாஸ்' எனும் வகுப்புகளை, அதாவது பொருள்களின் வார்ப்புகளைக் கொண்டுதானே தொடரை விரிக்கிறது? விரிப்பில் ஆபத்து உண்டென்பதும் பழைய செய்தியே: 'செம்பொன்பதின்றொடி' என்பதைச் செம்பு ஒன்பது தொடி என்றும் செம்பொன் பத்துத் தொடி என்றும் இருவகையாகப் பிரிக்கலாம் என உரையாசிரியர்கள் காட்டுவார்கள். மேலும் தொகு, தொகுதி என்பவற்றோடு, பறவைக் கூட்டத்தைக் குறிக்கும் 'தொழுதி'யும், மாடுகளை ஒருசேர அடைக்கும் 'தொழு'வும் ஒரே வேரின் கிளைகள் என்பது என் நெடுநாளைய கருத்து. அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன். தொகை, விரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான், பாதுகாப்புப் பொறியாளர்:

ஐயா, 'தொகுப்பி' என்பது, நிரலைக் கணினியின் மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு வழங்கிவருவதால் 'தொகை' புதிய குழப்பத்தையே தரும். 'செம்பொன்' எடுத்துக்காட்டும் பொருந்தவில்லை. அங்கே இருப்பது பொருள் மயக்கம். இங்கே தொடர் எழுதியபடியே பிழையின்றிப் படிக்கப்படுகிறது, எழுதியவர்தான் பகைவர். 2015இல் வெளிவந்த ஒய்சோசீரியல் கருவி, அப்பாச்சி காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் என்ற நிரல் நூலகத்தில் முன்பே இருந்த, தனித்தனியே தீங்கற்ற வகுப்புகளைச் சங்கிலியாகக் கோத்தே வழங்கியில் கட்டளையை இயக்கலாம் என்று காட்டியது. உருவான பொருளின் வகையைப் பிறகு சரிபார்ப்பதில் பயனில்லை, அதற்குள் கட்டளை இயங்கி முடிந்திருக்கும். வெறும் தரவை மட்டும் ஏந்தும் ஜேசன் போன்ற வடிவத்துக்கு மாறுவதும், அது இயலாதபோது கையொப்பத்தைச் சரிபார்த்து, அனுமதித்த வகைகளை மட்டும் ஏற்பதுமே தீர்வு. எனவே சோதனை முந்த வேண்டும் என்பதைச் சொல்லே உணர்த்தட்டும்: தொடராக்கம், தொடர்மீட்பு, குறைபாட்டுக்கு 'ஆராயாத் தொடர்மீட்பு'. அதுவும் கடினமென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதலாம். ஆங்கிலப் 'பரேட்' திரிந்து, காலையில் ஆள்கணக்கு எடுப்பதைக் குறிக்கும் 'பெரட்டு' தமிழ்ச்சொல்லா என்று தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை.

சுங்கை சிப்புட் வகுப்பு ஆசிரியை:

இருவருக்கும் நன்றி. இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் 'ஆராயாத் தொடர்மீட்பு' என்பதையே ஏற்கிறார்கள். முதல் இடத்தில் மட்டும் அதனருகே டீசீரியலைசேஷன் என்றும் சேர்த்து எழுதி அச்சுக்கு அனுப்புகிறேன். தேடுபொறியில் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கொண்டுதான் தேடப்போகிறார்கள்.

தெலுக் இந்தான், பணிநிறைவு பெற்ற தமிழாசிரியர்:

'ஆராயா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஆகவே தகரம் மிகுந்தது சரியே. ஆனால் 'மீட்பு' என்பதற்கு என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். அடகு வைத்த நகையை மீட்கிறோம், இழந்த நிலத்தை மீட்கிறோம். முன்பு நம்முடையதாக இருந்தது திரும்பி வருவதே மீட்பு. பகைவர் அனுப்பிய தொடரில் நம்முடையது எதுவும் இருந்ததில்லை. தாக்குதலின் இயல்பே அதுவாக இருக்க, அதை மறைக்கும் ஒரு சொல்லை மாணவர்களுக்குக் கொடுக்கலாமா? அடுத்த பதிப்பிலேனும் 'விரி'யை மறுபடி எண்ணிப் பாருங்கள், அம்மா.