குடும்ப மரம் கீறுறம், குடிப்பேர் போடுறதா வேணாமா?

பெத்தாடபேரன்:
எல்லாருக்கும் வணக்கம். வாற ஆகஸ்ட்ல கனடா, லண்டன், சுவிஸ்ல இருக்கிற எங்கட சொந்தமெல்லாம் மட்டக்களப்புக் களுவாஞ்சிக்குடிக்கு வருதுகள், ஒன்றுகூடல், ஒரு நினைவு மலரும் அச்சடிக்கிறம். பெரியப்பா ஒராள் குடும்ப மரம் கீறி பிடிஎஃப்ல அனுப்பினார், பார்த்தா அப்பா, அப்பப்பா, அவர்ட அப்பா எண்டு முழுக்க ஆம்பிளைப் பேர். பெத்தாமார், அதான் பாட்டிமாரெல்லாம், "மனைவி" எண்ட ஒரு சொல்லோட முடிஞ்சு, சில பெட்டியில அதுவும் இல்ல. குடி, அதான் தாய் வழியால வாற எங்கட வம்சப்பேர், ஒரு இடத்திலயும் இல்ல. கேட்டா "குடியைப் போட்டா சாதி பேசுறம் எண்டு வெளிநாட்டுப் பிள்ளையள் சிரிக்குங்கள்" எண்டுறார். என்ன செய்றது?

வாவிக்கரை:
பெரியப்பா சொல்றது சரி. போடாதீங்க. குடி எண்டு தொடங்குறதே "நாங்க இன்ன குடி, கோயில்ல எங்களுக்குத்தான் முதல் காளாஞ்சி மரியாதை" எண்டதில போய் முடியும். இதுக்காக வழக்குக்குப் போன கோயில்கள் நம்மட ஊர்ப்பக்கம் எத்தினை எண்டு உங்களுக்கே தெரியும். மறுகா இந்த மலர்கள்ல வாற ஒவ்வொருத்தர்ட பூட்டனும் போடியார், பெரிய வயல்காரர். எல்லாரும் போடியாரெண்டா வாவிக்கு மேற்கால படுவான்கரை வயல் வெட்டினது ஆரு, போடியார்ட வயல் வேலை பார்த்த முல்லைக்காரனா நிண்டது ஆரு?

திருக்கோயில்மருமகன்:
வாவிக்கரை, போடியார் கதை எனக்கும் அலுப்புத்தான், ஆனா நீங்க ரெண்டு விசயத்தைக் கலக்கிறியள். சாதி வேற, குடி வேற. ஒரே சாதிக்குள்ளயே பல குடி, ஒரே குடிக்குள்ள கல்யாணம் இல்ல, அண்ணன் தங்கச்சி முறை. பிள்ளைக்குத் தாய்ட குடி, அந்தத் தாய்க்கு அவட தாய்ட குடி. கலியாணம் முடிச்ச மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போறான், வீடு மகளுக்குச் சீதனம். நானே அப்படி வந்து இருக்கிறவன்தான், பேரப் பாருங்க. இந்த ஊருக்கு அப்பன் வழியால மட்டும் மரம் கீறினா அது வேற எங்கயோ உள்ள குடும்பத்துட மரம். மட்டக்களப்புப் பக்கத்துப் பழைய முக்குவர் சட்டத்தில முதுசச் சொத்து சகோதரியிட பிள்ளையளுக்குப் போனது, 1876ல வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தோட அந்தச் சட்டம் போச்சு, ஆனா மகளுக்கு வீடு குடுக்கிற பழக்கம் போகல்ல.

அக்கரைப்பற்றுகாக்கா:
தம்பிமார், இது தமிழாக்கள்ட மட்டும் கதை இல்ல. எங்கட முஸ்லிம் ஆக்களுக்கும் குடி இரிக்கி, அதுவும் உம்மாட வழிதான், பள்ளிவாசல் நிர்வாகத்தில குடிக்கொரு மரைக்கார், அதான் நிர்வாகி, எண்டு வெச்ச ஊருகள் இரிக்கி. டெனிஸ் மக்கில்வ்ரே எண்ட அமெரிக்க ஆய்வாளர் 1970கள்ல அக்கரைப்பற்றுல இருந்து இதத்தான் படிச்சார், தமிழாக்கள்டயும் எங்கடயும் ரெண்டையும். சண்டைக் காலத்தில ரெண்டு பக்கமும் ஒண்டுக்கொண்டு முகம் பார்க்காமத் திரிஞ்சம், ஆனா பேச்சு உம்மாட குடி எண்டு வந்தா கணக்கு ஒண்டுதான். மலர்ல போட்டா இதையும் ஒரு வரி எழுதுங்க.

டொரண்டோமச்சாள்:
குடியும் வேணாம் பெரியப்பாவும் வேணாம், டிஎன்ஏ கிட் வாங்கித் துப்பி அனுப்புங்க, நான் செய்தன். தாயிட்ட இருந்து பிள்ளைக்குப் போற மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவும் உங்கட குடி மாதிரியே பெண் வழியாலதான் இறங்குது, அதைப் பார்க்கலாம்.

வாவிக்கரை:
மச்சாள், போன வழி தெரியும், குடிப்பேர் அதில எழுதியா வரும்? "தென்னிந்தியா, இலங்கை" எண்டு ஒரு நிறம் அடிச்ச வரைபடம் வரும், அதுக்கு நூறு டொலர். 23அண்ட்மீ எண்ட டிஎன்ஏ கொம்பனியில 2023ல கிட்டத்தட்ட 69 லட்சம் பேர்ட தரவு களவு போச்சு, 2025 மார்ச்ல அந்தக் கொம்பனி வங்குரோத்து மனு போட்டது. நீங்க துப்பினது உங்கட எச்சில் மட்டும் இல்ல, தங்கச்சிட பிள்ளையளிட விபரமும் அதுக்குள்ள இருக்கு, அதுகளிட்ட கேட்டீங்களா?

டொரண்டோமச்சாள்:
அது நியாயம்தான், தங்கச்சி ஏசினவ. ஆனா சூறாவளியில 78ல எங்கட வீட்டுப் பெட்டகம் போச்சு, 2004 சுனாமியில மிச்சம் போச்சு, கடுதாசி இல்லாத ஆக்கள் வேற எங்க போய்த் தேடுறது?

திருக்கோயில்மருமகன்:
காணிப் பதிவகத்துக்குப் போங்க. பிறப்புச் சான்றிதழ எடுத்துப் பாருங்க, அதில பாட்டனார் இலங்கையில பிறந்தவரா எண்டு கேக்குது, பூட்டனாரையும் கேக்குது, பாட்டியை எங்கயும் கேக்கல்ல. சீதன உறுதி, அதான் சீதனக் காணிப் பத்திரம், அப்படி இல்ல. எங்கட மனுசிட வீட்டு உறுதியில "மேற்படி காணி என் தாயார் எனக்குச் சீதனமாகத் தந்தது" எண்டு ஒரு வரி, அதில உள்ள உறுதி இலக்கத்தைப் பிடிச்சுப் போனா அந்தத் தாயார்ட உறுதி, அதுல அவட தாயார்ட பேர். ஒவ்வொண்டிலயும் ஒரு பெண்ணுட முழுப்பேர், ஊர், நாலு எல்லை, வடக்கு எல்லைக்காறி பெரும்பாலும் அவட அக்கா. பழைய உறுதியில கைநாட்டுத்தான், மை ஊறிப் பெருவிரல் ரேகை கூடத் தெரியாது, ஆனா பக்கத்தில உறுதி எழுதின நொத்தாரிசு பேரைத் தெளிவா எழுதி இருப்பார். பெட்டகம் போன ஆக்களுக்கும் பதிவகத்தில பிரதி கிடைக்கலாம்.

பெத்தாடபேரன்:
அட இது எனக்குத் தோணவே இல்ல. பெத்தா இருக்கா, வெத்திலை பாக்கு இடிச்சிட்டே "என்ட தாய், அவட தாய், அவட தாய்" எண்டு பேரைச் சொல்றவ, ஆனா நாலாவது ஆளோட "அதுக்கு முதல் ஆரு கண்டது" எண்டு நிப்பாட்டிருவா. உறுதியோட வெச்சுப் பார்க்கலாம். அப்ப தாய்வழியும் போடுறன், குடியும் போடுறன்.

வாவிக்கரை:
பெண்டுகளிட பேரைப் போடுங்க, அதுல எனக்குச் சண்டை இல்ல, அது முழு நியாயம். என்ட கேள்வி வேற, அதுக்கு ஆரும் பதில் சொல்லல்ல. உங்கட குடும்பத்துக் கலியாணத்துக்கு வெள்ளைத் துணி கட்டின ஆக்கள், செத்த வீட்டில பறைமேளம் அடிச்ச ஆக்கள், தலைமுறை தலைமுறையா உங்கட பெத்தா வீட்டு வாசலோட நிண்டவங்க. அவங்களுக்கும் குடும்பம் இருக்கு, தாய்வழி இருக்கு. சீதன உறுதி அவங்களிட்ட இல்ல, ஏனெண்டா காணி இல்ல. திருக்கோயில் சொன்ன வழி காணி உள்ளவனுக்கு மட்டும் வேலை செய்யிற வழி. குடி பேரைப் பெரிசா அடிக்கிற மலரில அந்த ஆக்கள் ஒரு வரியாவது வருவாங்களா?

திருக்கோயில்மருமகன்:
காணி இல்லாத ஆக்களுக்கு அந்த வழி இல்லத்தான், மறுக்கல்ல. ஆனா அதுக்காக இருக்கிற பெண்டுகளிட பேரையும் மூடி வைக்கிறதா? சாதியைத் திட்டுங்க, குடியை அழிச்சுப்போட்டு அப்பப்பா பட்டியல் போடுறதால சாதி எங்க குறையுது, பெண்டுகள்தான் காணாமப் போறாங்க.

வாவிக்கரை:
நான் அழிக்கச் சொல்லல்ல. தனிப் பெருமையா அடிக்காதீங்க எண்டன்.

அக்கரைப்பற்றுகாக்கா:
ரெண்டு பேரும் ஒண்டத்தான் சொல்றீங்க, சத்தம் மட்டும் வேற.

வாவிக்கரை:
இல்ல காக்கா, ஒண்டில்ல. பேரன், மலர் அடிச்சா ஸ்கான் பண்ணி இங்க போடுங்க. மேளம் அடிச்ச குடும்பத்துக்கு ஒரு பக்கம் இருந்தா நான் காசு குடுத்து ரெண்டு பிரதி வாங்குறன், இல்லாட்டி இங்கயே கிழிப்பன்.

பெத்தாடபேரன்:
அந்த வீட்டு ஐயாவோட நானே போய்க் கதைக்கிறன், அவருக்கு விருப்பம் எண்டாத்தான் போடலாம். குடியை எங்க போடுறது எண்டு மட்டும் பெரியப்பாட்ட கேக்கணும், அச்சுக் காசு அவர்ட.